ஐந்து மணிக் கூட்டம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அதைப் புரட்டிப் போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டேன். ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. டர்பைன் இறகுகளில் விரிசல் தேடித் தேடிக் கண் அப்படிப் பழகிவிட்டது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். என் மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை.

"விரிசல் பாக்குறவரு பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு ரிப்போர்ட் எழுதுவாரு. நீங்க எங்க மூடுறீங்க?" என்பாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருநாள் பூசணிக்காய்க் கூட்டு பரிமாறினாள். நான் சாப்பிடாமல், கூட்டும் கூட்டமும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று ஆரம்பித்தேன். இரண்டும் 'கூடு' என்ற வினையிலிருந்து வந்தவை. கூடு என்றால் ஒன்றுசேர். பூசணியும் பருப்பும் ஒன்றுசேர்ந்தால் கூட்டு, மனிதர்கள் ஒன்றுசேர்ந்தால் கூட்டம். அந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு தமிழர்கள் குடும்பமே நடத்தியிருக்கிறார்கள். கணக்கில் கூட்டுகிறோம், விளக்குமாற்றால் வீட்டைக் கூட்டுகிறோம், கட்சிகள் கூட்டணி வைக்கின்றன. கொங்குப் பக்கம் போய் "நீங்க எந்தக் கூட்டம்?" என்று கேட்டால் குலத்தின் பெயரைச் சொல்வார்கள். பஸ்ஸில் இடிபடுவதும் கூட்டம்தான், மேடை போட்டு மைக் பிடிப்பதும் கூட்டம்தான். மன்றம், அவை, சபை, மாநாடு என்று கம்பீரமான சொற்கள் எத்தனையோ வரிசையில் நிற்கும்போது, ஊர் உலகம் இந்தச் சாதாரணச் சொல்லைத்தான் வாயில் போட்டுக்கொண்டது. இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் கூட்டின் மேல் ஆடை படிந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன். "பழைய அகப்பொருள் இலக்கணத்துல, காதலர் ரெண்டு பேர் யாருக்கும் தெரியாம சந்திக்கிறதுக்கும் கூட்டம்னுதான் பேரு. அதுல தலைவன் உண்டு, தலைவி உண்டு."

"செயலாளர் உண்டா?"

"இல்லை."

"அதான் நல்லா நடந்திருக்கு," என்று சொல்லிவிட்டுக் கூட்டை மறுபடி சூடாக்க எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கேள்வி எங்கே குத்தியது என்பதைச் சொல்லவேண்டும். அப்போது எங்கள் டவுன்ஷிப் தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மற்ற எல்லோரும் வேண்டாம் என்று சொன்னதால் கிடைத்த பதவி. ஆனால் நான் அதைப் போட்டியிட்டு வென்றவனைப்போல வகித்து வந்தேன்.

சங்கத்துக்கு என்று சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டில் ஒரு அறை உண்டு. ஒரு புத்தக அலமாரி, ஒரு கரும்பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே என் மனைவி தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். குழந்தைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்கு. எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடோ ரயில்வேயோடோ வந்து தங்கிய குடும்பங்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாமி கும்பிடுவார்கள். ஆனால் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும்தான். மளிகைச் சீட்டைத் தமிழில் யோசித்துத் தெலுங்கில் எழுதுவார்கள். அவர்களில் சிலருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆசை வந்தது, தன் பாஷையைத் தன் கண்ணால் படிக்கவேண்டும் என்று. அப்படி வந்தவர்கள்தான் அவளுடைய மாணவர்கள். எங்கள் சங்கத்தின் பொருளாளரும் அதில் ஒருவர். ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், செகந்திராபாத்தில் லாலாகூடாக்காரர்.

என் மனைவி திருச்சியில் தமிழாசிரியையாக இருந்தவள். கல்யாணத்துக்காக அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு இங்கே வந்தாள். ஹைதராபாத்தில் தமிழ் டீச்சருக்கு எந்தப் பள்ளிக்கூடம் வேலை கொடுக்கும்? எங்கள் பெண் வளரும் வரை அந்தப் பேச்சே எழவில்லை. பெண் வேலை கிடைத்து புனேக்குப் போனபிறகு வீட்டில் ஒரு மௌனம் வந்தது. நான் இருக்கும் வீட்டில் மௌனம் எப்படி வரும் என்று கேட்கலாம். நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன், அவள்தான் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தாள். அப்புறம் இந்த வகுப்பைத் தொடங்கினாள். சனிக்கிழமையே சாக்பீஸை எடுத்து வைப்பாள். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வரும்போது கையெல்லாம் வெள்ளையாக, முகத்தில் வேறு ஒரு வெளிச்சத்தோடு வருவாள். இந்த ஊருக்கு வந்து அவளுக்கே அவளுக்கு என்று கிடைத்தது அந்த அறை ஒன்றுதான். அது எனக்குத் தெரியும்.

அந்த அறைக்குத்தான் ஒருநாள் புதிதாக ஒரு பூட்டு விழுந்தது.

டவுன்ஷிப் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி புதிதாக வந்திருந்தார். தெலுங்குப் பெண்மணி, கறார். கேரம் குழு ஒன்று அந்த அறையைக் கேட்டிருந்ததாம். சங்கத்தின் பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறார். எங்கள் பொதுக்குழுக் கூட்டம் ஒன்றுகூட ஒழுங்காக நடந்ததாகத் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்தது. எல்லாமே விதிப்படி நடந்தது என்றேன்.

விதிப்படிதான் நடந்தது. விதி எப்படி என்றால், ஐந்து மணிக்குக் கூட்டம். குறைந்தபட்சம் முப்பது பேர் இருந்தால்தான் அது செல்லும். அந்த எண்ணிக்கையை எல்லோரும் கோரம் என்பார்கள். நான் மட்டும் 'குறைவெண் வரம்பு' என்பேன். கோரம் இல்லாவிட்டால் கூட்டத்தை அரைமணி தள்ளிவைத்து, ஐந்தரைக்கு அதே இடத்தில் நடத்தலாம். அப்போது எத்தனை பேர் இருந்தாலும் செல்லும். எந்தச் சங்கத்திலும் உள்ள ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஆட்கள் புத்திசாலிகள். எப்படியும் ஐந்தரைக்குத்தானே நடக்கப்போகிறது, ஐந்துக்கு ஏன் போகவேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அடுத்த வருஷம் எல்லோருமே அப்படி யோசித்துவிட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் ஐந்து மணிக்கு நான் மட்டும் மேடையில் உட்கார்ந்திருப்பேன். எதிரே காலி நாற்காலிகள், மேலே மின்விசிறி. எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "குறைவெண் வரம்பு எய்தப்பெறாமையால் இக்கூட்டம் அரைமணி நேரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று நாற்காலிகளுக்கு அறிவிப்பேன். யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். இதை மனதுக்குள் சொன்னால் போதாதா என்று ஒரு தடவை காவலாளி கேட்டார். சட்டப்படி உரக்கச் சொல்லவேண்டும் என்றேன். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது.

அந்த அதிகாரி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். "வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுங்கள், நானே வருகிறேன். ஐந்து மணிக்கு உங்கள் முப்பது பேரைக் காட்டுங்கள். ஐந்தரைக் கணக்கெல்லாம் என்னிடம் வேண்டாம். ஆள் இருந்தால் அறை உங்களுக்கு, இல்லாவிட்டால் கேரம் குழுவுக்கு." நான் சரி என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அதிகம் பேசவில்லை. "அந்த ரூம் போச்சுன்னா நான் திரும்ப ஆரம்பிக்கமாட்டேங்க. என்னால முடியாது," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று இரவே அவள் புனே போகவேண்டியிருந்தது. பெண் வீடு மாறுகிறாள், சாமான் கட்டக் கை வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை ரயிலில் திரும்பி வருவதாக ஏற்பாடு.

பெட்டி கட்டிக்கொண்டே சொன்னாள், "வாட்ஸ்அப்ல என் குரல்ல ரெண்டு வார்த்தை பேசிப் போட்டுடறேன். அஞ்சு மணிக்கே வாங்க, இல்லன்னா ரூம் போயிடும்னு. எல்லாருக்கும் புரியும்."

எனக்கு அது தாங்கவில்லை. பொதுக்குழு அழைப்பைக் குரல்பதிவில் அனுப்புவதா? எழுத்துமூலம் கொடுக்கவேண்டும், செயலாளர் கையெழுத்து வேண்டும், ஒரு கண்ணியம் வேண்டும். "அதை என்கிட்ட விடு," என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அவள் விட்டுவிட்டாள்.

அந்த நோட்டீஸை எழுத எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. இப்போது அதை நினைத்தால் காது சூடாகிறது. அப்போது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, நானே தலையாட்டிக்கொண்டேன். முழுதாக வேண்டாம், இரண்டு வரி மட்டும் தருகிறேன்:

"கூடுதல் எனும் வினையடியாகப் பிறந்து, குலத்தையும் குழுவையும் ஒருங்கே குறித்து நின்ற கூட்டம் எனும் சொல், தன் முழுப்பொருளில் மெய்ப்படவேண்டிய தருணம் இஃதாம். மாலை 5.00 மணிக்குக் குறைவெண் வரம்பு எய்தப்பெறாவிடின் 5.30 மணிக்கு ஒத்திவைத்து நடத்தும் வழக்காறு இம்முறை கைக்கொள்ளப்படமாட்டாது."

நேரத்தைக்கூடத் தமிழ் எண்களில் எழுதலாமா என்று யோசித்தேன். கணினியில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

உறுப்பினர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறையைக் காப்பாற்றத்தான் அந்த நோட்டீஸே. ஆனாலும் எழுதும்போது அவர்கள் யாரும் என் கண்முன் இல்லை. எங்கேயோ ஒரு பெரிய அறிஞர் உட்கார்ந்து, என் நோட்டீஸைப் படித்துவிட்டு, 'இந்த ராமச்சந்திராபுரத்தில் இப்படி ஒருவனா' என்று வியப்பதுபோல ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மனிதனுக்குத் தன்னைப்பற்றி எண்ணம் இருக்கலாம், இவ்வளவு இருக்கக்கூடாது.

நோட்டீஸை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, கூடத்துப் பலகையில் ஒட்டினேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். உடனே கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. மஞ்சள் கட்டைவிரல், கும்பிடும் கை, ஒரு ரோஜாப்பூ. பொருளாளர் இரண்டு கட்டைவிரல் அனுப்பினார். நான் ஒவ்வொன்றாக எண்ணி மகிழ்ந்தேன். ஞாயிறு காலை ரயிலிலிருந்து இறங்கிய மனைவி, "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டபோது, போனைக் காட்டினேன். அவள் நோட்டீஸைப் பெரிதாக்கிப் படித்தாள். "இத யாரு படிப்பா?" என்றாள். "எல்லாரும் கட்டைவிரல் காட்டியிருக்காங்க பாரு," என்றேன். களைத்துப்போய் வந்திருந்தாள். குளிக்கப் போனாள்.

சாயங்காலம் நாலரைக்கே நாங்கள் போய்விட்டோம். கூடத்தில் நாற்காலிகளைப் போட்டேன். பக்கத்து அறையின் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்துக்குச் சற்று முன்பே அதிகாரி வந்துவிட்டார். காவலாளி டீ கொண்டுவந்து வைத்தார். ஐந்து மணி அடித்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கூடத்தில் இருந்தது நான், என் மனைவி, அதிகாரி. எனக்கு எழுந்து நின்று ஒத்திவைக்கவேண்டும் என்று கால் துறுதுறுத்தது. அவ்வளவு பழக்கம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சேகால் வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல வேற வேலை இருக்கு," என்றார் தெலுங்கில்.

வெளியே ஓடிப்போய்ப் பொருளாளருக்குப் போன் செய்தேன். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் சார். கைக்கு சார், எதுக்கு டென்ஷன்? அஞ்சரைக்குத்தான மீட்டிங்?"

"அஞ்சுக்குன்னு தெளிவா எழுதியிருந்தேனே."

"அஞ்சரை போட்டிருந்தீங்க சார். நான் பாத்தேன். அஞ்சுன்னும் போட்டிருந்தீங்க, அஞ்சரைன்னும் போட்டிருந்தீங்க. எப்பவும் மாதிரிதான?"

"நடுவுல என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சீங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நம்பர் படிச்சேன் சார். மத்தது எனக்கு எங்க வரும்? டீச்சரம்மா கிளாஸ்ல நான் இன்னும் 'ச' வரிசையிலதான இருக்கேன்."

நான் போனை வைத்தேன். கட்டைவிரல்கள் அத்தனையும் 'ஐந்தரைக்கு வருகிறோம்' என்று சொன்ன கட்டைவிரல்கள். ஐந்தரை இல்லை என்று சொல்வதற்காக நான் எழுதிய 5.30 என்ற எண்ணைத்தான் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அதை நான் எழுதாமலே இருந்திருந்தால்கூடப் பாதிப்பேர் ஐந்துக்கு வந்திருப்பார்கள்.

திரும்பினால் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் என் முன்னால் அழுது பல வருஷம் ஆகிறது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு பேசினாள். "டீச்சர் பேசுறேன். நம்ம ரூமைப் பூட்டி வச்சிருக்காங்க. இப்ப, இந்த நிமிஷம் வந்தாத்தான் திறப்பாங்க. அஞ்சரைக்கு நக்கோ, வேண்டாம். இப்பவே வாங்க. எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க." அவ்வளவுதான். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ள போங்க. அவங்க எழுந்து போகாம பேசிக்கிட்டு இருங்க."

முப்பது வருஷ தாம்பத்தியத்தில் என்னைப் பேசச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனேன். அதிகாரி டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் தெலுங்கு, காய்கறி வாங்கவும் ஆட்டோக்காரரிடம் தோற்கவும் மட்டும் போதுமான தெலுங்கு. அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மேடம், நீங்கள் நாற்சந்தியைக் கூடலி என்கிறீர்கள் இல்லையா, நாங்கள் மதுரையைக் கூடல் என்போம். நீங்கள் கணக்கில் கூடிக்க என்பீர்கள், நாங்கள் கூட்டல் என்போம். அரசியலில் உங்களுக்குக் கூட்டமி, எங்களுக்குக் கூட்டணி. எல்லாம் ஒரே வேர் மேடம். பார்த்தீர்களா, நாம் ஒரே வீடு.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விளக்குமாற்றுக்குப் போனேன். கொங்கு நாட்டுக்குப் போனேன். அவர் மறுபடி வாயெடுத்தார். நான் அகப்பொருள் இலக்கணத்துக்குள் நுழைந்தேன். களவுக் காதலைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கைகளால் விளக்கியபோது அவர் முகத்தில் ஒரு கலவரம் தெரிந்தது. கடிகாரம் அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தேகால் தாண்டியதை நான் பார்த்தேன், அவர் பார்ப்பதற்குள் பூசணிக்காய்க் கூட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பொருளாளர் லுங்கியில் வந்து இறங்கினார், பின்னால் அவர் மனைவியும் மைத்துனியும். அப்புறம் நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு இரண்டு பேர். ஞாயிறு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலைந்து பேர் யூனிஃபார்மோடு அப்படியே உள்ளே வந்தார்கள். ஒருவர் தலையில் பாதி டை அடித்திருந்தது. ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பையன் ஒருவன், என் சொற்பொழிவுகளுக்குப் பயந்து வாட்ஸ்அப் குழுவிலிருந்தே விலகியவன், அவன்கூட மனைவியோடு வந்து நின்றான். நாற்காலிகள் நிறைந்தன. சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொருளாளர் முன்னால் வந்து அதிகாரிக்கு வணக்கம் வைத்தார். "ஹவ் மேடம், ஆமா, லேட்டாயிட்டோம். எங்களுக்குப் படிக்க வராது. அதான் அந்த ரூமு வேணும்," என்றார், பாதி தெலுங்கும் பாதி உருதுமாக.

அதிகாரி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எண்ணவில்லை. எழுந்து கைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார்.

அவர் போகும்போது நான் கூடவே வாசல்வரை போனேன். ஐந்தேகாலுக்கு மேலும் காத்திருந்ததற்கு நன்றி, என் பேச்சில் உங்களுக்கு ஆர்வம் இருந்தது சந்தோஷம் என்றேன்.

"கிளம்புறேன்னு சொல்லத்தான் பாத்தேன் சார். நீங்க இடமே விடலை," என்றார்.

உள்ளே திரும்பியபோது கூட்டம் என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. புதிய நிர்வாகிகள் தேர்வு வரை வந்துவிட்டார்கள். செயலாளராக டீச்சரம்மா இருக்கட்டும் என்று பொருளாளர் சொன்னார். எல்லாக் கையும் மேலே போனது. நானும் தூக்கினேன். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். என் பதவியை நான் விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்திருக்கிறேன், ஒருவரும் கேட்கக்கூட மாட்டார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் அவள் அந்தச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அந்த வலி பெரிதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு சங்கத்தின் அழைப்பெல்லாம் அவள் குரலில்தான் போகிறது. கூட்டம் ஐந்துக்கு என்றால் ஐந்துக்கு வருகிறார்கள். ஒத்திவைக்க எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையின் ஓரத்தில் என் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கூடத்துப் பலகையிலிருந்து அதை யார் எடுத்துவந்தார்கள் என்று தெரியவில்லை. பொருளாளர் அதற்கு முன்னால் நின்று, விரலை வரியின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். 'ச' வரிசையைத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. 'இஃதாம்' என்ற இடத்தில் சிக்கினார். அந்த மூன்று புள்ளியை என்ன செய்வது என்று கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்தாள். முதல் வரியை முடித்துவிட்டு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, படிக்க வந்துடுச்சு. அர்த்தம் வரல. என்ன சொல்றாரு சார்?"

அவள் நோட்டீஸைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் வாங்கன்னு சொல்றாரு," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்கு அதில் ஆட்சேபணை சொல்ல ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான்.

அவர் அடுத்த வரிக்குப் போனார். அது நீளமான வரி. 'எய்தப்பெறாவிடின்' என்ற சொல்லில் வகுப்பே சேர்ந்து தள்ளியது. 5.30 வரை வந்து, அதையும் தாண்டி, 'கைக்-கொள்-ளப்-பட-மாட்-டாது' என்று முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், தப்பு என் மேலதான். அஞ்சரை இல்லன்னு நீங்க எழுதித்தான் வச்சிருக்கீங்க. இப்பத்தான் படிச்சேன்."

அவர் அதை மனதாரச் சொன்னார். கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அதுக்குக் கீழ?" என்றாள் அவள்.

அவர் விரலைக் கீழே கொண்டுபோய், "செ-ய-லா-ளர்," என்று படித்தார்.

"அந்தக் கையெழுத்து பழசு," என்றேன். "அங்க உங்க டீச்சரம்மா பேரைப் போட்டுப் படிங்க."